மாசியில் கட்டிய ஒட்டு

தம்பி, அந்தப் பையை மடியிலயே வச்சிக்கிடுங்க. கீழ வச்சா கடையநல்லூர்ல ஏறுத கூட்டம் மிதிச்சே கொன்னுரும். ஒட்டு மாங்கன்னுதான? எனக்குத் தெரியாதா! என்ன ஜாதின்னு சொல்லிக் குடுத்தான்? இமாம்பசந்தா? சொல்லுவான், சொல்லுவான். காய்ச்ச பொறவுதான தெரியும், அதுக்குள்ள அவன் கடையைக் காலி பண்ணிட்டு வேற ஊருக்குப் போயிருப்பான். சும்மா சொன்னேன், பயப்படாதீங்க. கன்னு நல்லாத்தான் இருக்கு. அந்தக் கட்டை மட்டும் இப்ப அவுத்துராதீங்க.

நான் மேலப்புளியங்காட்டு விலக்குல இறங்கணும். அங்க ஒரு பிள்ளையைப் பாத்து நாலு பழம் குடுக்கணும். அவ்வளவுதான் சோலி. இந்தா என் கால்மாட்டுல இருக்கு பாருங்க மஞ்சப்பை, அதான். நீலம் பழம். ஆடி பொறந்தும் மரத்துல பழம் கெடக்குன்னா அது நீலமாத்தான் இருக்கும். வாசனை வருதா உங்களுக்கு? வருதா. எனக்கு வரல.

எங்க வீட்டுல தவறி நாலு மாசம் முடிஞ்சிட்டு. கோமு. மாசிக் கடைசியில போயிட்டா. அதுல இருந்து இப்படித்தான், பாத்துக்கிடுங்க. அழுகை வரல, கோவம் வரல, கொழம்புல உப்பு இருக்கா இல்லையான்னு தெரியல. மகன் பெங்களூர்ல இருந்து போன் போட்டு, சாப்பிட்டீங்களாப்பாங்கான். சாப்பிட்டேங்கேன். சாப்பிட்டேனா இல்லையான்னு எனக்கே தெரியாது. மரத்துப் போச்சு எல்லாம். பல்லு புடுங்க ஊசி போட்டா கன்னம் மரத்திருக்கும் பாருங்க, அந்த மாதிரி, மேலெல்லாம்.

உங்களுக்குத் தூக்கம் வந்தா தூங்குங்க. நான் பாட்டுக்குப் பேசிக்கிட்டு வருவேன்.

என் பேரு பரமார்த்தலிங்கம். இருபத்தேழு வருசம் வேளாண்மை வாத்தியார். ஆமா, பள்ளிக்கூடத்துலதான். பிளஸ் டூவுல வேளாண்மைன்னு ஒரு பிரிவு இருக்கதே பாதிப் பேருக்குத் தெரியாது. எனக்குப் பொண்ணு பாக்கப் போனப்ப எங்க மாமனாரு கேட்டாரு, "பள்ளிக்கூடத்துல வெவசாயம் நடத்துதாங்களா, அப்ப வயல்ல என்ன, கணக்குப் பாடமா?"ன்னு. கோமு கதவுக்கு அந்தப் பக்கம் நின்னு சிரிச்சா. அது கேட்டுச்சு எனக்கு.

வருசா வருசம் மாசி மாசம் செய்முறைத் தேர்வு வரும். அதுக்கு ஒரு பள்ளிக்கூடத்து வாத்தியாரை இன்னொரு பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவாங்க. எக்ஸ்டெர்னல்னு பேரு. உள்ளூர் வாத்தியார் தன் பிள்ளைகளுக்கு அள்ளிப் போட்டிரக் கூடாதுல்லா, அதுக்கு. பத்தொம்பது வருசம் போயிருக்கேன் நான். பரமார்த்தம் சார் வாறாருன்னா ரெண்டு நாளைக்கு முந்தியே மம்பட்டியெல்லாம் கழுவிச் சாத்தி வச்சிருவாங்க. ஒரு ஹெட்மாஸ்டர் மாட்டுத் தொட்டிக்குப் பெயிண்டே அடிச்சு வச்சிருந்தாரு. மாடு கெடையாது, தொட்டி மட்டும்.

எல்லாப் பள்ளிக்கூடத்துலயும் ஒரு அலமாரி இருக்கும். அதுல வெதை பாட்டில் வரிசையா இருக்கும். வருசம் பூரா அதே பாட்டில்தான். பிள்ளைகளுக்கு வெதை தெரியாது, பாட்டில் தெரியும். மூடி ஒடைஞ்சது கம்பு, செகப்பு மூடி உளுந்து, காப்பிப்பொடி பாட்டில் ஆமணக்கு. நான் போன ஒடனே எல்லாரையும் வெளிய நிக்கச் சொல்லிட்டு, உள்ள இருக்கதை மாத்திப் போட்டிருவேன். அப்பம் பாக்கணும் வேடிக்கையை. பாசிப்பயறைக் கையில வச்சிக்கிட்டு ஆமணக்குன்னு எழுதுவான் பய. எனக்கு அதுல ஒரு சந்தோசம். பொய் சொல்லல, அப்ப அது சந்தோசமாத்தான் இருந்தது.

இப்பச் சொல்லப்போறது பதினொரு வருசத்துக்கு முந்தி. மேலப்புளியங்காட்டுப் பள்ளிக்கூடத்துக்கு என்னைப் போட்டாங்க. மலை அடிவாரம், ரோடு பிரியுத விலக்குல பஸ்ஸை விட்டு இறங்கி ரெண்டு கிலோமீட்டர் நடை. அங்க வேளாண்மைக்குப் பூரணவல்லின்னு ஒரு டீச்சர். நல்ல மனுசிதான். ஆனா ரெக்கார்டு நோட்டு எல்லாம் மண்ணா இருந்தது. நோட்டுல மண்ணு, தம்பி! வெரல் அடையாளம் தெரியுது. என்ன டீச்சர் இதுன்னேன். தோட்டத்துலயே வச்சு எழுதுவாங்க சார்ன்னா. வீட்டுல வச்சு அழகா எழுதச் சொல்லக் கூடாதான்னு கேட்டேன். சிரிச்சா. சுத்தத்துக்கு அஞ்சு மார்க்கு உண்டு. எல்லாருக்கும் ரெண்டுதான் போட்டேன்.

பதிமூணு பிள்ளைக. அதுல ஒருத்தி முப்பிடாதி. ஒல்லியா, கறுப்பா, ரெட்டைச் சடை. பரீட்சை எழுத வந்த பிள்ளை நகத்துல மண்ணு. பூரணவல்லி டீச்சர் காலையிலேயே என் காதுல போட்டுட்டா. சார், இந்தப் பிள்ளைக்கு வேளாண்மைக் காலேஜ் சீட்டு கெடைக்க வாய்ப்பிருக்கு, தொழிற்கல்விப் பிரிவுக்குன்னு கொஞ்சம் சீட்டு ஒதுக்குதாங்கல்லா, அதுல. எழுத்துப் பரீட்சை நல்லா எழுதிருவா, செய்முறை மார்க்கும் நல்லா வந்துட்டா உள்ள போயிருவா, இந்த ஊர்ல இருந்து ஒருத்தர் கூடப் போனதில்ல சார்ன்னா. நான், பாப்போம் டீச்சர், பிள்ளை என்ன செய்யுதோ அதுக்கு மார்க்குன்னேன். அதுல என்ன தப்பு? சொல்லுங்க. தப்பு இல்லைல்லா.

மொதல்ல வெதை. எல்லாரும் நான் மாத்தி வச்சதுல மாட்டி முழிச்சாங்க. இவ மட்டும் மூடியைத் தெறந்து உள்ளங்கையில கொட்டி, ஒண்ணை எடுத்துப் பல்லுல கடிச்சா. கடிச்சுட்டு, "உளுந்து சார். ஆனா வண்டு அடிச்சது. வெதைச்சா மொளைக்காது"ன்னா. மொளைக்குமான்னு நான் கேக்கலையேன்னேன். முழு மார்க்குப் போட்டேன். கேட்டதுக்குப் பதில் சொல்லிட்டாள்லா. நான் நியாயமாத்தான் இருந்தேன், பாத்துக்கிடுங்க.

அப்பறம் ஒட்டுக் கட்டுதது. அதுக்கு இருவது மார்க்கு. பெரிய மார்க்கு.

உங்க கையில இருக்குல்லா, இதேதான். கொட்டை போட்டு மொளைச்ச கன்னை மேல வெட்டி, நடுவுல பொளந்து, நல்ல ஜாதி மரத்துக் குச்சியை ரெண்டு பக்கமும் சீவி அதுல சொருகி, பாலித்தீன் நாடாவால இறுக்கிக் கட்டணும். நாப்பது நிமிசம் நேரம். கன்னு அந்தப் பிள்ளைகளே பையில போட்டு வளத்தது. குச்சி நான் கொண்டு போனது. வழியில தெரிஞ்சவர் தோப்புல காலையில வெட்டுனேன். பதிமூணு குச்சி, ஒரே நீளம், ஒரே பருமன். அளந்து வெட்டுனேன் தம்பி, ஒருத்தருக்கு நல்லது ஒருத்தருக்குக் கெட்டதுன்னு வந்துரக் கூடாதுன்னு.

பன்னெண்டு பேரு வாங்கிட்டுப் போய் உக்காந்துட்டாங்க. முப்பிடாதி குச்சியைத் திருப்பித் திருப்பிப் பாக்கா. நுனியை நகத்தால கீறிப் பாக்கா. "சார், இதுல கண்ணு இன்னும் முழிக்கல சார். பத்து நாளைக்கு முந்தியே எலையைக் கிள்ளி விட்டிருக்கணும். இதை வச்சுக் கட்டுனா பிடிக்காது"ன்னா. எனக்கு எப்படி இருக்கும்? அத்தனை வருச எக்ஸ்டெர்னல், பிள்ளை எனக்குப் பாடம் எடுக்கா. குடுத்ததை வச்சுக் கட்டும்மான்னேன். சரி சார்ன்னு சொல்லிட்டு எந்திரிச்சா. எந்திரிச்சு, கத்தியோட வெளிய போயிட்டா!

பரீட்சை நடக்கு. பிள்ளை வெளிய போயிட்டா. நான் ஜன்னல் வழியாப் பாக்கேன், பள்ளிக்கூடத்துக்குப் பின்னால ஒரு நீலம் மரம், அதுல ஏறுதா. ஒரு கொப்புல எலையே இல்ல, காம்பு மட்டும் நிக்கு. அவதான் பத்து நாளைக்கு முந்தி கிள்ளி விட்டிருக்கா, பரீட்சைக்கு ஒட்டு வரும்னு நெனைச்சு. அதுல ஒரு குச்சியை வெட்டி முந்தியில தொடைச்சுக்கிட்டு வந்தா. தாவணி முந்தி. வந்து உக்காந்து கட்டுனா. கட்டி முடிச்சு, இடுப்புல இருந்து ஒரு குச்சி ஐஸ் கவரை எடுத்து, அதை ஊதி, ஒட்டு மேல தொப்பி மாதிரி மாட்டுனா. ஈரம் போகாம இருக்கும் சார்ன்னா. எல்லாம் முடியுததுக்கு நாப்பத்தொம்பது நிமிசம் ஆயிட்டு.

கை நல்லா ஓடுச்சு. அதை நான் இல்லைன்னு சொல்லல. சீவுன சீவு அப்படியே பொருந்திச்சு.

அப்பறம் வாய்மொழிக் கேள்வி. ஒட்டு பிடிக்க எத்தனை நாள் ஆகும்னு கேட்டேன். புஸ்தகத்துல இருவத்தொரு நாள்னு எழுதியிருக்கு, பன்னெண்டு பேரும் அதைத்தான் சொன்னாங்க. இவ என்ன சொல்லுதா தெரியுமா? "மாசியில கட்டுனா பாதிக்கு மேல பிடிக்காது சார், காத்து காஞ்ச காத்து. ஆடியில கட்டணும்." நான் கேட்டது எத்தனை நாள்னு. இவ மாசத்தைச் சொல்லுதா. பரீட்சையை மாசியில வச்சது நானா? நான் என்ன செய்ய முடியும், ஆடியில வாங்கன்னு கடுதாசி போடவா?

மார்க்குப் போட்டேன். பன்னெண்டு பேருக்கும் பதினெட்டு, பத்தொம்பது, இருவது. இவளுக்கு அஞ்சு. குடுத்த பொருளை மாத்துனதுக்குக் கழிவு, இடத்தை விட்டுப் போனதுக்குக் கழிவு, நேரம் தாண்டுனதுக்குக் கழிவு. எழுதியே வச்சிருக்கு தம்பி, எதுக்கு எவ்வளவுன்னு. வாய்மொழிக்குச் சைபர்.

பூரணவல்லி டீச்சர் பட்டியலை ரெண்டு தரம் பாத்தா. அப்பறம், "சார், இன்னும் கவர் ஒட்டலையே சார்"ன்னா. ஆமா, ஒட்டல. கோந்து பாட்டில் என் கையில இருக்கு. "சார், அந்தப் பிள்ளை சொன்னது சரி சார். எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரியும் சார் அந்தக் குச்சி பிடிக்காதுன்னு. எக்ஸ்டெர்னல் குடுத்ததுன்னு பயந்து கட்டிட்டாங்க. இவளுக்குப் பயம் தெரியல சார்." நான் சொன்னேன், பயம் தெரியணும்லா டீச்சர். அவ சொல்லுதா, "நாப்பது நாள் கழிச்சு வந்து பாருங்க சார், எது நிக்குதுன்னு." நாப்பது நாள் கழிச்சு மார்க்குப் போட எனக்கு உத்தரவு இல்லைன்னேன். கோந்து தடவுனேன். ஒட்டுனேன். அரக்கு வச்சேன். அவ கையெழுத்துப் போட்டா. பேனாவை மூடாம அப்படியே வச்சிட்டு வெளிய போயிட்டா. பேனா காஞ்சிரும்னு நாந்தான் மூடி வச்சேன்.

எக்ஸ்டெர்னலுக்கு ஊருக்குப் போகையில ஏதாவது குடுத்து அனுப்புதது ஒரு வழக்கம். தோட்டத்துக் கத்திரிக்கா, கீரைக்கட்டு, அந்த மாதிரி. அன்னைக்கு யாரும் ஒண்ணும் குடுக்கல. எனக்கு அப்பத்தான் புது வீடு கட்டி, பின்னால வெறும் தரையா கெடந்தது. இந்தப் பதிமூணு ஒட்டையும் என்ன செய்யப் போறீங்கன்னு கேட்டேன். எடுத்துக்கிடுங்க சார்ன்னாங்க. அட்டைப் பெட்டியில வச்சு, ஆட்டோவுல ஏத்தி, பஸ்ஸுல கொண்டு வந்தேன். ஒவ்வொரு பையிலயும் பிள்ளைகளோட பரீட்சை நம்பரை எழுதி டேப் போட்டு ஒட்டியிருந்தது. ஏத்தி விட்டது யாரு? முப்பிடாதிதான். "தண்ணியை மேல தெளிக்காதீங்க சார், வேருக்கு மட்டும் ஊத்துங்க"ன்னு சொல்லிட்டு நின்னா. மார்க்கு அவளுக்குத் தெரியாது அப்ப.

கோமுதான் தண்ணி ஊத்துனா. எனக்கு எங்க நேரம்? பத்து நாள்ல ஒண்ணொண்ணாக் கறுத்துச்சு. இருவது மார்க்கு வாங்குனது மொதல்ல போச்சு. இருவத்தொண்ணாவது நாள் பன்னெண்டும் சுள்ளி. அடுப்புல வைக்கலாம், அவ்வளவுதான். ஒண்ணு மட்டும், அந்த ஐஸ் கவருக்குள்ள, செகப்பா ரெண்டு கொழுந்து. கோமு என்னைக் கூப்பிட்டுக் காட்டுனா. பையில நம்பர் இருக்கு. எனக்கு நம்பரெல்லாம் மறக்காது.

நான் ஒரு தப்புச் செஞ்சேன் தம்பி. அன்னைக்கு ராத்திரிச் சாப்பாட்டுல கோமுகிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டேன். குச்சி, மரம் ஏறுனது, அஞ்சு மார்க்கு, காலேஜ் சீட்டு, எல்லாம். அவ கேட்டா, "இப்ப ஒண்ணும் செய்ய முடியாதா?"ன்னு. செய்யலாம். அதுக்கு வழி உண்டு. பட்டியல் போடுகையில கைத்தவறு ஆயிட்டுன்னு எக்ஸ்டெர்னல் ஒரு கடுதாசி எழுதிக் குடுத்தா, ரிசல்ட் வருததுக்கு முந்தித் திருத்திக்கிடுவாங்க. எனக்குத் தெரிஞ்சே ரெண்டு மூணு பேரு எழுதியிருக்காங்க. அப்ப எழுதுங்கன்னா. எனக்கு ஒண்ணரை மாசம் நேரம் இருந்தது.

நான் சொன்னேன், கை தவறலையே எனக்கு. அஞ்சுன்னு போடணும்னு நெனைச்சு அஞ்சுன்னு போட்டேன். கை தவறிட்டுன்னு எப்படிப் பொய் எழுத? என் சர்வீஸ்ல ஒரு அடித்தல் திருத்தல் கெடையாது, பாத்துக்கிடுங்க. ஒண்ணு கூடக் கெடையாது.

"கை தவறல. சரி"ன்னா கோமு. அவ்வளவுதான் சொன்னா. தட்டை எடுத்துக்கிட்டு உள்ள போயிட்டா. அப்பறம் அதைப் பத்தி ஒரு வார்த்தை பேசல. சண்டை போட்டாலாவது நான் ரெண்டு பேசியிருப்பேன்.

ரிசல்ட் வந்துது. பூரணவல்லி டீச்சர் போன் பண்ணுனா, வீட்டு லேண்ட்லைனுக்கு. சீட்டு ஏழு மார்க்குல போச்சு சார்ன்னா. ஏழு. அப்படியா டீச்சர்ன்னேன். வேற என்ன சொல்ல? அடுத்த வருசம் பாக்கச் சொல்லுங்கன்னேன். வீட்டுல விட மாட்டாங்க சார்ன்னு வச்சிட்டா. ரெண்டு வருசத்துல அந்தப் பள்ளிக்கூடத்துல வேளாண்மைப் பிரிவையே எடுத்துட்டாங்க, பிள்ளைக சேரல. காலேஜுக்கு ஒருத்தர் கூடப் போகலையே, அப்பறம் என்னத்துக்குச் சேருவாங்க. அதுக்கு நான் பொறுப்பில்ல. அது வேற விசயம்.

கன்னைக் கோமு தரையில நட்டா. நான் எடம் சொன்னேன், அவ கேக்கல, கெணத்தடிக்குப் பக்கத்துல நட்டா. அஞ்சாவது வருசம் காய்ச்சது. என்ன காய்ப்புங்கீங்க! தெருப் பூராக் குடுத்தோம். ஆனா மொதப் பழம் பழுத்ததும் கோமு அதைப் பறிச்சு அடுப்படி ஜன்னல்ல வச்சிருவா. யாரையும் தொட விட மாட்டா. மகன் கேட்டான், என்னம்மா இதுன்னு. அது அந்தப் பிள்ளைக்குன்னா. எந்தப் பிள்ளைக்குன்னு அவன் என்னைப் பாக்கான். அந்தப் பழம் அங்கேயே இருந்து சுருங்கி, தோலு கறுத்து, ஈ மொய்க்கும். அப்பறம் அவளே எடுத்து மரத்து மூட்டுலயே பொதைச்சிருவா. ஒவ்வொரு வருசமும் இது நடக்கும். ஆறு வருசம். நான் பழத்தைத் தின்னுருக்கேன் தம்பி, நெறையத் தின்னுருக்கேன். அந்த ஜன்னல் பக்கம் முதுகைக் காட்டி உக்காந்து தின்பேன்.

அவளுக்கு முடியாம ஆஸ்பத்திரியில கெடக்கையில, மரம் பூத்திருக்கான்னு கேட்டா. பூத்திருக்குன்னேன். இந்த வருசமாவது நீங்களே கொண்டு போய்க் குடுங்கன்னா. சரின்னேன். சரின்னு சொல்லிட்டேன், என்ன செய்ய.

கோமு போனதுக்குத் துட்டி கேக்கப் பூரணவல்லி டீச்சர் வந்திருந்தா. ரிட்டையர் ஆயிட்டா, தலையெல்லாம் வெள்ளை. அவதான் சொன்னா. முப்பிடாதியை அந்த வருசமே கட்டிக் குடுத்துட்டாங்களாம். கேரளாவுல ஒரு நர்சரியில புருசனும் அவளும் கூலிக்கு ஒட்டுக் கட்டப் போயி, ஒரு நாளைக்கு முந்நூறு கட்டுவாளாம். பத்துல ஒம்பது பிடிக்குமாம் அவ கைக்கு. அந்த முதலாளி காலேஜ்ல படிச்ச பயகளை இவகிட்ட அனுப்பிப் பாக்கச் சொல்லுவாராம். இப்ப ஊரோட வந்து, விலக்குலயே பச்சை வலையைக் கட்டி, சொந்தமா ஒரு நாத்துப்பண்ணை வச்சிருக்கா. நல்லாத்தான் இருக்கா சார்ன்னா.

நான் கேட்டேன், என் மேல கோவமா இருக்காளான்னு. டீச்சர் என்னை ஒரு மாதிரிப் பாத்தா. "கோவமா? உங்களை ஞாபகமே இல்ல சார் அவளுக்கு. எக்ஸ்டெர்னல் ஒருத்தர் வந்தாருன்னுதான் சொல்லுவா. பேரு கூடத் தெரியாது"ன்னா.

வீட்டுல துட்டி கெடக்கு, கோமு படத்துக்கு மாலை போட்டிருக்கு. எனக்கு இந்த வார்த்தைதான் காதுல நிக்கு. பேரு கூடத் தெரியாது. அவ நம்பரு எனக்கு இன்னமும் ஞாபகம் இருக்கு தம்பி. சொல்லட்டா? வேண்டாம், விடுங்க, அது கெடக்கு.

இப்பப் போனா நான் யாருன்னு மொதல்ல இருந்து சொல்லணும். இன்னார், இந்த வருசம் வந்தேன், உனக்கு அஞ்சு மார்க்குப் போட்டேன். பிடிச்சது உன் ஒட்டு மட்டுந்தான், அதை மூணே வாரத்துல பாத்துட்டேன், பாத்துட்டும் எழுதல. இதைச் சொல்லணுமா? பழத்தைக் குடுத்துட்டு வந்தாப் போதாதா? கோமு பழத்தைக் குடுங்கன்னுதான சொன்னா. சொல்லச் சொல்லலையே.

பையில பழம் மட்டும் இல்ல. இந்தா, இந்த ஈரத்துணியை மெள்ளப் பிரிச்சுப் பாருங்க. குச்சி. நாலு குச்சி, அந்த மரத்துல இருந்து. எலை இல்லைல்லா? பத்து நாளைக்கு முந்தி நானே ஏணி போட்டு ஏறிக் கிள்ளி விட்டேன். காம்பு மட்டும் விட்டு, அவ சொன்ன மாதிரியே. கண்ணு புடைச்சு நிக்கு பாருங்க. இது ஆடிமாசம்லா. கட்டுனாப் பிடிக்கும். மரம் என்கிட்ட இருந்து என்ன, எனக்கு அப்பறம் மகன் வீட்டை வித்துருவான், வாங்குதவன் வெட்டிருவான். கொட்டையைப் போட்டா இந்த ஜாதி வராது. அவ கட்டுனா வரும். அவகிட்டதான் குடுக்கணும்.

என்னது? விலக்கு வந்துட்டா? ஆமா, அந்தா பச்சை வலை தெரியுது. நிப்பாட்டுதான். சேலைக்கு மேல ஆம்பளைச் சட்டை போட்டுக்கிட்டு உக்காந்திருக்கா பாருங்க, அவதான். நாடாவைப் பல்லுல கடிச்சுக்கிட்டு, கையைப் பாருங்க, கையைப் பாருங்க தம்பி. நிமிந்தே பாக்கல. ஒரு நாளைக்கு எத்தனை பஸ்ஸைப் பாக்கா.

இல்ல, நீங்க காலை ஒதுக்க வேண்டாம், இருங்க. அங்க யாவாரத்துக்கு ரெண்டு பேரு நிக்காங்க. இந்த நேரத்துல போயி, நான் இன்னாருன்னு எங்க இருந்து ஆரம்பிக்க? விசிலடிச்சிட்டான். போகட்டும், போகட்டும்.

கண்டக்டர் தம்பி, இங்க வாங்க. அடுத்த ஸ்டாப்புக்கு ஒண்ணு குடுங்க. ஆமாய்யா, இன்னைக்கும்தான். சிரிக்காதீங்க. போன செவ்வாய் மழை பெஞ்சுது, எப்படி இறங்க முடியும்? அதுக்கு முந்தின வாட்டி அவ அங்க இல்ல. இருந்தாளா? நீங்க பாத்தீங்களா? சரி, இருந்திருப்பா.

ரெண்டு தரமும் குச்சி காஞ்சு போச்சு தம்பி, தூரப் போட்டேன். இது மூணாவது கட்டு. மரத்துல இன்னும் ரெண்டு கொப்புல எலை கிள்ளி வச்சிருக்கேன். ஆடி முடிய நாள் கெடக்கு.

பழத்தை நீங்க எடுத்துக்கிடுங்க. எடுத்துக்கிடுங்கன்னு சொல்லுதேன்லா, வீட்டுல பிள்ளைக இருக்கும். குச்சி வேண்டாம், குச்சியை இங்க குடுங்க. உங்க பாட்டில்ல தண்ணி மிச்சம் இருக்கா? இந்தத் துணி காஞ்சிட்டு. கொஞ்சம் போல ஊத்துங்க. மேல வேண்டாம், அடியில மட்டும். போதும்.